பதினாலு புள்ளி ஒன்று

ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பதினாலு என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஐம்பத்தேழு வயது, ஒடிசலான உடம்பு, வலது முழங்கைக்குக் கீழே ஆசிட் தெறித்த பழைய தழும்புகள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் மின்சாரம் படித்தவரில்லை. கெட்டுப்போன பேட்டரிகளை அறுத்துப் பார்த்துப் படித்தவர். தகடு எப்படி உளுத்திருக்கிறது, அடியில் எவ்வளவு வண்டல் தங்கியிருக்கிறது என்று பார்த்தால், அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எந்த வெயிலில் நின்றது என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். கார் ஓடும்போது அதன் டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று அளந்து விடுகிற வேலை, டைனமோவின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரெகுலேட்டருடையது. குளிர் காலத்தில் பதினாலே முக்கால் வோல்ட் வரை போனாலும் பேட்டரி தாங்கும். வெயில் ஏற ஏற அது வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சும். அப்போதும் அதே அளவில் ஏற்றிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகும், தகடு வெளியே தெரியும், பெட்டி புடைக்கும், பானட்டைத் திறந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். "வெயில்ல அதுக்குப் பசி கம்மி. நம்ம ஆசைக்கு ஊட்டிவிட்டா வாந்திதான் எடுக்கும்" என்பார். வெயில் காலத்தில் பதினாலு புள்ளி ஒன்று, அதற்கு மேல் ஒரு புள்ளி கூட வைக்க மாட்டேன் என்று சின்ன வயதில் ஒரு லாரிக்காரரோடு அவர் போட்ட சண்டையில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அளக்கும் முறையிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் மீட்டரை வைப்பார். சூடேறாத டைனமோ சொல்வது கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சொல்வது மாதிரி, நம்பக் கூடாது என்பார். அளந்த எண்ணையும் தேதியையும் வெள்ளை பெயின்ட் பேனாவால் பேட்டரியின் தலையில் எழுதிவிடுவார். வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் பானட்டைத் தூக்கியதும் முதலில் அந்த வெள்ளை எழுத்தைத்தான் தேடுவார்கள். அது இருந்தால் பேரம் பாதி முடிந்த மாதிரி.

ஷெட் அவருக்கும் அவருடைய மச்சினனுக்கும் பொது. மச்சினன் எஞ்சின் வேலை, இவர் மின்சார வேலை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய சிமென்ட் தரை, நடுவில் ஒரு குழி. வெயில் காலத்தில் பதினோரு மணிக்குத் தகரம் படபடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். தரையில் வைத்த ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

கண் தகராறு தொடங்கியது போன குளிர் காலத்தில். முதலில் கண்ணாடியில் எண்ணெய் பட்டிருக்கிறது என்றுதான் நினைத்தார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் விரல் வைத்து அழுத்திய மாதிரி ஒரு மங்கல். ஓரமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆள் நடந்து வருவது தெரியும். சிரிக்கிறானா முறைக்கிறானா என்பது பக்கத்தில் வந்து பேசினால்தான் தெரியும். பேப்பரில் தலைப்பு மட்டும் படித்தார். பிறகு தலைப்பும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் டாக்டரிடம் இழுத்துப் போவார்கள். டாக்டர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு ஷெட் முடிந்தது. அவருக்கு வேறு வேலை தெரியாது. வேறு எதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பும் கிடையாது. வீட்டில் குழாய் ஒழுகினால் கூட மனைவி பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள். பேட்டரியின் தலையில் எழுதும் அந்த எண் ஒன்றுதான் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை. அது போவதை விட, கொஞ்சம் மங்கலாகப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

கை பழகிய வேலை என்பதால் சமாளிக்கவும் முடிந்தது. ஒயரை விரலால் தடவியே உள்ளே அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தார். டெர்மினல் லூஸா என்று ஆட்டிப் பார்த்துச் சொன்னார். மீட்டர் மட்டும்தான் பாக்கி. பழைய மீட்டர் இருந்திருந்தால் அதுவும் பிரச்சினையாக இருந்திருக்காது. இருபது வருஷமாக வைத்திருந்த முள் மீட்டரில் எண்ணைப் படிக்கவே வேண்டாம்; முள் சாய்ந்து நிற்கிற சாய்வே போதும். அந்த மீட்டர் அதற்கு முந்தின மழைக் காலத்திலேயே குழிக்குள் விழுந்து உடைந்துபோனது. மச்சினன் ஆசையாக எண் காட்டுகிற புது மீட்டர் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். கருப்புக் குச்சிகளால் ஆன எண்கள்.

அந்தக் குச்சி எண்ணில் ஒன்றுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் தலையில் கிடக்கிற ஒரே ஒரு கோடு. இது பிறகு தெரிந்த விஷயம்.

ஒவ்வொரு வெயில் காலத் தொடக்கத்திலும் சூடு தாங்காமல் ரெகுலேட்டர்கள் வரிசையாகச் சாகும். அதனால் முன்கூட்டியே ஸ்பேர் கடையிலிருந்து இருபத்து நாலு ரெகுலேட்டர் உள்ள ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொன்றையும் வண்டியில் மாட்டி, அளந்து பார்த்து, பதினாலு புள்ளி ஒன்றுக்கு மேல் காட்டுவதைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தருவார். "குளிர் ஊருக்குச் செஞ்சத நம்ம தலையில கட்டுறான். அதுக்கு நான் என்ன பண்ண?" என்பார்.

இந்த வருஷம் பெட்டி காலியாக இரண்டு மாதம் ஆனது. அந்த இருபத்து நாலில் ஒன்று வாத்தியாருடைய காருக்குப் போனது.

வாத்தியார் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பதினெட்டு வருஷமாக ஒரே கார். சிறுநீரகம் கெட்டுப்போன மனைவியை வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அதில்தான் அழைத்துப் போவார். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரத் தூரம். ரெகுலேட்டர் மாட்டிய மூன்றாவது வாரமே வந்து நின்றார்.

"என்னப்பா பதினாலு, உன் பேட்டரி என் வீட்டம்மாவை விட அதிகமா தண்ணி குடிக்குதே. அவளுக்காவது டாக்டர் அளவு சொல்லியிருக்கார்."

காருக்குள் உட்கார்ந்திருந்த வாத்தியார் வீட்டம்மா, "அதுக்கு நீங்க கணக்குச் சொல்லித் தர மாட்டீங்க, நிம்மதியா குடிக்குது" என்றாள். வீங்கிய கால்களை நீட்ட முடியாமல் முன் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் எப்போதும் இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் வாராமல் ஷெட்டை விட்டுப் போக மாட்டார்கள்.

அவர் பேட்டரியைத் திறந்து பார்த்தார். ஆறு அறையிலும் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. டிஸ்டில் வாட்டர் ஊற்றினார், தகடு மறைகிற அளவு மட்டும், விளிம்பு வரை அல்ல. பத்து நிமிஷம் ஓடவிட்டு அளந்தார். பதினாலு புள்ளி ஒன்று. வெயில் அதிகம் சார் என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாளில் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை எர்த் வயரைக் கழற்றி, அது பாடியோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். அந்த இணைப்பு மோசமாக இருந்தால் ரெகுலேட்டர் ஏமாந்துபோய் அதிகமாக ஏற்றும். டெர்மினலைக் கழுவினார். அளந்தார். பதினாலு புள்ளி ஒன்று. மூன்றாவது தடவை எஞ்சின் சூடு பேட்டரி மேல் அடிக்காமல் இருக்க அலுமினியத் தகட்டை வளைத்து நடுவில் மறைப்பு வைத்தார். ஆஸ்பத்திரியில் மரத்தடி பார்த்து நிறுத்துங்கள், காரின் மூக்கு சுவரைப் பார்க்கட்டும், வெயிலைப் பார்க்க வேண்டாம் என்றார். வாத்தியார் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினார். வீட்டம்மா மட்டும் காருக்குள் முட்டை வாடை வருகிறது என்றாள். வாத்தியார் தன்னைச் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டார். சிரிப்பு ஓய்ந்ததும் இவர் மறுபடியும் மீட்டரை வைத்து, மறுபடியும் அதே எண்ணை, அன்றைய தேதியோடு எழுதினார்.

மூன்று தடவை. அவர் செய்தது அத்தனையும் சரி. வெயிலில் பேட்டரி கொதிக்காமல் இருக்க ஒருத்தர் செய்யக்கூடியது அத்தனையும் செய்திருந்தார், ஒன்றைத் தவிர.

மறு வாரம் வியாழக்கிழமை ஒரு ஃபியூஸ் வாங்க ஸ்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் மின்விசிறிக்கு அடியில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பெட்டி வந்திருக்கிறது என்று காட்டிவிட்டு, சந்தோஷமாகச் சொன்னார்.

"இந்த வருஷச் சரக்கு தங்கம்ணே. வருஷா வருஷம் ஆறு ஏழு பீஸ் என் மூஞ்சியில விட்டெறிவீங்க. இந்தத் தடவ ஒண்ணு கூடத் திரும்பி வரலயே."

அவர் ஃபியூஸை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார்.

ஷெட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் ஒன்று கூடத் திரும்பி வரவில்லை என்பதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சரக்கு திடீரென்று தங்கமாகாது. அதே கம்பெனி, அதே பெட்டி, அதே விலை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பெட்டி கூட அப்படி வந்ததில்லை. சரக்கு மாறவில்லை என்றால் மாறியது எது? அதற்குப் பதில் அவருக்குத் தெரியும். தெரிந்ததை நெருங்கவிடாமல்தான் நாலு மாதமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டில் ரெகுலேட்டர் மாற்றி அனுப்பத் தயாராக ஒரு வேன் நின்றது. பெட்டியில் கடைசியாக இருந்த ரெகுலேட்டர். காலையில் அவர்தான் அளந்து, பேட்டரியில் எண்ணை எழுதியிருந்தார். மச்சினன் சாமான் வாங்கப் போயிருந்தான். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பதினாலு புள்ளி ஒன்று. வலது கண்ணைப் பொத்தினார். ஒன்று. இடது கண்ணைப் பொத்தினார். எண்ணே இல்லை, சாம்பல் நிறக் கறை. பிறகு மீட்டரை நேராகப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற டயரைப் பார்த்தார். ஓரக்கண்ணில் அந்தக் கடைசி எண்ணுக்கு மேலே ஏதோ ஒன்று இருப்பது போல வந்தது. திரும்பிப் பார்த்தால் மறைந்தது.

மதியச் சாப்பாட்டோடு மனைவி வந்தாள். நோட்டுப் புத்தகம் கட்டும் பட்டறையில் அரை நாள் வேலை அவளுக்கு. தாள் கட்டைப் பார்த்த மாத்திரத்தில் நாற்பதா, நாற்பத்தொன்றா என்று சொல்கிறவள். தூக்கை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இங்க வா. இதுல என்ன போட்டிருக்கு, படி."

அவள் குனிந்து பார்த்தாள். "பதினாலு புள்ளி ஏழு."

"நல்லாப் பாரு."

"ஏழுதாங்க. ஒண்ணா இருந்தா மேல கோடு இருக்காதே." சொல்லிவிட்டு, வேனின் பேட்டரி மேல் காய்ந்திருந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "தண்ணிய டம்ளருக்கு வெளிய ஊத்துறப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் எஞ்சினை அணைத்தார். அன்று தூக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

மச்சினன் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் நல்லவன், கோபப்படவில்லை. தலையில் கை வைத்துக் குழி விளிம்பில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு அவன் சொன்னதில் தப்பென்று சொல்ல எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். இருபத்து நாலில் எல்லாமே அதிகமாக இருக்காது, வழக்கம் போல ஆறோ ஏழோதான் இருக்கும். எது எது என்று தெரியாது. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டால், பதினாலுக்குக் கண் தெரியவில்லை என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். அப்புறம் இந்த வருஷத்து வண்டி மட்டும் இல்லை, பத்து வருஷத்து வண்டியெல்லாம் வந்து நிற்கும். இன்னும் மூன்று வாரத்தில் மழை. மழை வந்து சூடு தணிந்துவிட்டால் பதினாலு புள்ளி ஏழு யாரையும் கொல்லாது. இதுவரை தாங்கிய பேட்டரி இன்னும் மூன்று வாரம் தாங்காதா?

"மூணு வாரம்தான் மாமா. தண்ணி ஊத்த வர்ற வண்டிய நான் பாத்து வேற ரெகுலேட்டர் மாட்டி அனுப்பிடுறேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம். நீங்க கண்ணைக் காட்டுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்."

வாத்தியார் காரையாவது கூப்பிட வேண்டும் என்று இவர் சொன்னார். அவருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி நாள், சனிக்கிழமை வரச் சொல்லலாம், அவசரப்பட்டுப் போன் பண்ணினால் ஏன் எதற்கு என்று கணக்குப் போட்டுவிடுவார் என்றான் மச்சினன். வாத்தியார் கணக்குப் போடுவார் என்பது உண்மைதான். போனைக் கையில் எடுத்தவர் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாளைக்குக் காலையில் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரே போன் செய்தார். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாத்தியார் ஏழு மணிக்கே கிளம்பியிருந்தார்.

நடந்தது மத்தியானம்தான் தெரிந்தது. பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார். போட்டு முடித்துச் சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே சேர்ந்திருந்த வாயுவில் பொறி பட்டு, பேட்டரியின் தலை பிளந்து ஆசிட் எஞ்சின் மேலெல்லாம் வழிந்தது. யாருக்கும் அடியில்லை. பங்கில் இருந்தவர்கள் ஓடி வந்து தண்ணீரை ஊற்றினார்கள். காரை ஓரமாகத் தள்ளி, வேறு வண்டி கிடைக்க மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் தங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வீட்டம்மா, அந்த அனலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நினைவில்லை. சுத்திகரிப்பு அறைக்குப் போக வேண்டியவளைத் தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலமே இவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீளமான நடைக்கூடத்தில் எந்தக் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள்தான் படித்தாள். வாத்தியார் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் வீட்டம்மாவின் செருப்பு ஒரு பாலிதீன் பையில் இருந்தது. இவரைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இவர் நின்றபடியே சொன்னார். கண்ணில் ஆரம்பித்து, மீட்டர், ஒன்று, ஏழு, திரும்பி வராத பெட்டி என்று எதையும் விடாமல், ஒயரிங் தகராறை விளக்குகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். வாத்தியார் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபின் செருப்புப் பையின் வாயை முடிச்சுப் போட்டார்.

"பசங்க பேப்பர்ல ஒண்ணையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதினா நான் முழு மார்க்கையும் வெட்டிடுவேன். வாத்தியார் கொடுமைக்காரன்னு சொல்லுவாங்க." நிறுத்திவிட்டுக் கேட்டார். "மூணு தடவ வந்தேனே. மூணு தடவையும் தெரியாமத்தான் எழுதினியா?"

"எழுதறப்ப தெரியாது சார்." அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். வாத்தியாரும் அதோடு விட்டிருப்பார். "நேத்து மத்தியானம் தெரியும். போனைக் கையில எடுத்தேன். பண்ணல."

வாத்தியார் தலையை ஆட்டினார். நேற்று மத்தியானம் போன் வந்திருந்தால் இன்று காலை என்ன செய்திருப்போம் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருடைய காரைக் கேட்டிருப்பார். அவ்வளவுதான். கணக்கு ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"போப்பா" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். "மத்தவங்களுக்காவது இன்னைக்கே சொல்லு."

வீட்டம்மா ஐந்தாம் நாள் போய்விட்டாள். இதயம் முன்பே பலவீனமாக இருந்தது, இந்த வெயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். இருக்கலாம். சாவு வீட்டில் வாத்தியார் இவரை உட்காரச் சொன்னார். அதன் பிறகு அவர் அந்தக் காரை ஷெட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. வேறு எங்கும் கொண்டுபோகவும் இல்லை. பெட்ரோல் பங்கிலிருந்து கட்டி இழுத்து வந்து வீட்டு முன்னால் விட்டது விட்டபடி நின்றது.

வாத்தியார் சொன்ன மாதிரி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கே மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மனைவி போன் எண்களைப் படித்து அழுத்திக் கொடுத்தாள், இவர் பேசினார். எல்லாரிடமும் ஒரே பேச்சு: எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, உங்கள் பேட்டரியில் நான் எழுதினதை நம்ப வேண்டாம், நாளைக்கு வாருங்கள். சிலர் திட்டினார்கள். ஒருத்தர் இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டார், இருக்கிறது என்றார். ஒரு டாக்ஸிக்காரன் சிரித்துவிட்டு, அப்போ உங்க பேரை மாத்திப் பதினேழுன்னு வச்சிரலாமா என்றான். மச்சினன் போனைப் பிடுங்கப் போனான். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த பத்து நாளில் வண்டிகள் வந்தன. மச்சினன் மீட்டரை வைத்துப் படித்தான், இவர் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். பதினாலு. பதினாலு புள்ளி ஒன்று. பதிமூணு புள்ளி ஒன்பது. பதினாலு புள்ளி ஏழு. ஏழு என்று கேட்கும்போதெல்லாம் எழுந்து போய், அந்தப் பேட்டரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். புடைப்பு கைக்குத் தெரிந்தது. கண் மூடிக்கொண்டு தடவியிருந்தால் கூட இந்த இரண்டு மாதமும் தெரிந்திருக்கும். கை இருக்கும்போது ஏன் எண்ணை நம்பினேன் என்று ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டார். மச்சினன் ஸ்பேனரைத் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பேட்டரியில் எண் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய எழுத்தைத் தின்னர் தொட்ட துணியால் அழித்து அனுப்பினார்கள்.

இடையில் ஒரு நாள் கண்ணையும் காட்டினார்கள். நடுப்பார்வை போனது போனதுதான், இனி திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும், நடக்கலாம், சாப்பிடலாம், ஆள் வருவதைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். குளிர் காலத்திலேயே வந்திருந்தால் ஒரு கண்ணையாவது ஓரளவு நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். மனைவி வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாள்.

இருபத்து மூன்று வண்டி கணக்குக்கு வந்தது, வாத்தியாருடையதையும் சேர்த்து. இருபத்து நாலாவது ஒரு வெள்ளைக் கார். அதன் சொந்தக்காரர் அதைப் போன மாதமே விற்றுவிட்டார். வாங்கினவர் யார் என்று சரியாகத் தெரியவில்லை. தரகர் மூலம் போனது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதுக் குடியிருப்பில் யாரோ ஒரு குடும்பம், கைக்குழந்தை இருந்தது என்றார். நல்ல விலைக்குப் போனதாம். பானட்டைத் திறந்து உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அந்த ஆள் வேறு எதையுமே சோதிக்கவில்லை என்று, பாராட்டுகிற மாதிரியே சொன்னார். தரகரின் போன் அணைத்துக் கிடந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி நாலு எண் மட்டும் கையில் இருந்தது.

அது பதினாலு புள்ளி ஒன்றாகவும் இருக்கலாம். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. விடுங்க மாமா, மீதி இந்த ஒன்றும் நமக்கு எதிராகத்தான் இருக்க வேண்டுமா என்றான் மச்சினன். மழைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் மனைவியும் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டிப் போனார்கள். மத்தியானம் போனால்தான் வண்டிகள் வீட்டு முன்னால் நிற்கும். ஒரே மாதிரிக் கட்டிடங்கள், ஒன்றுக்கும் மரம் இல்லை, வரிசையாக வெயிலில் நிறுத்திய கார்கள். பாதிக்குப் பாதி வெள்ளை. அவருக்கு வெள்ளையாக இருப்பது தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. மனைவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து எண்ணைப் படித்துச் சொன்னாள். அவர் இல்லை என்றார். அடுத்ததற்குப் போனார்கள். இரண்டாவது தெரு முடியும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வாசல் நிழலில் நின்று தண்ணீர் குடித்தாள். அவர் காத்திருந்தார்.

"இன்னும் எத்தனை தெரு இருக்கு?" என்று கேட்டார்.

அவள் எழும்பிப் பார்த்து எண்ணினாள். "பதினொண்ணு" என்றாள். பிறகு, "இருங்க, சரியாப் பாத்துச் சொல்றேன்" என்று வெயிலில் இறங்கி நின்று, முதலிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.